நாபோருக்கு எழுதிய பாட்டு

பாட்டுக் கட்டும் புத்தியையும் பால் வண்டி ஓட்டும் பிழைப்பையும் ஒரே ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. வாரத்தில் ஏழு நாளும் விடியும்போது எங்கள் ஊர் எல் சௌசிலியோவைச் சுற்றியிருக்கும் பதினான்கு பண்ணைகளுக்கும் போய், கேன்களை ஏற்றிக் குளிரூட்டும் நிலையத்தில் இறக்குவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த மதியத்தில், பக்கவாட்டில் வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்புக் கால்சட்டையை வயிற்றை எக்கி மாட்டிக்கொண்டு, ஒப்துலியா அம்மாளின் பிர்ரியா என்னும் ஆட்டுக்கறிக் குழம்புக் கடையில் நாலு பேரோடு சேர்ந்து பாடுவேன். என் பெயர் எல்பிதியோ. கித்தாரைவிட வயிறு பெரிது, வயிற்றைவிட வாய் பெரிது என்பாள் என் மனைவி. இப்போது சொல்லப்போவது அந்த வாய் செய்த வேலை.

நாபோரின் பண்ணைதான் என் கடைசி நிறுத்தம். கற்றாழை வயல்களுக்கு நடுவே சிவப்பு மண் பாதையில் அரை மணி நேரம் போக வேண்டும். மே மாதத்தில் அதில் போய்த் திரும்பினால் காதுக்குள்ளிருந்துகூட மண் எடுக்கலாம். இருபத்திரண்டு மாடுகள், ஒரு கொட்டகை, அதை ஒட்டி அவன் மனைவி எவெலியா சீஸ் போடும் அறை. பாலைத் திரிய வைத்து, உப்புச் சேர்த்துப் பிழிந்து, செங்கல் மாதிரி அச்சில் அடைத்து வைப்பாள். அவள் கை உப்புக்கு மூன்று ஊர்களில் ஆள் உண்டு.

நாபோரும் நானும் சின்ன வயதில் வாடா போடா என்று மண்ணில் உருண்டவர்கள். அவன் மகனுக்கு நான் ஞானத்தகப்பன் ஆனேன். குழந்தையின் தலையில் தண்ணீர் விழுந்த நாளிலிருந்து அவன் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவனுக்குக் கொம்பாத்ரே, வாங்க போங்கதான். எவெலியா எனக்குக் கொமாத்ரே. உடன்பிறந்தவனிடம்கூட எங்கள் ஊரில் சண்டை போடலாம், கொம்பாத்ரேயிடம் போட முடியாது.

பாட்டு வந்த கதையைச் சொல்கிறேன். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வந்து நாபோரின் கொட்டகையை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊரே மண்வெட்டியும் கயிறுமாகப் போய் நின்றது. அவன் எல்லோருக்கும் காபி கொடுத்தான். குடித்து முடித்ததும் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லி, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மூன்று மாதத்தில் தானே கல் அறுத்து, தானே சுவர் வைத்து, தானே கூரையும் போட்டான். நான் சொக்கிப்போனேன். என் வீட்டில் ரெண்டு ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் நாலு பேரைக் கூப்பிட்டுத் தொல்லை செய்கிறவன் நான். அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டே கட்டினேன்:

கிணறு வற்றினாலும் மேகத்தைக் கெஞ்சேன்,
குதிரை செத்தாலும் நடந்தே போவேன்,
எவன் வாசலிலும் என் தொப்பி இறங்காது,
எனக்கு என் ரத்தம் போதும்.

எங்கள் ஊரில் ஆளுக்கொரு பாட்டு உண்டு. ஒருவன் கடைக்குள் கால் வைத்ததும் பாட்டுக்காரர்கள் அவன் பாட்டை எடுக்க வேண்டும். அது மரியாதை. எடுக்காமல் விட்டால் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச மாட்டான். மற்றவர்களெல்லாம் வானொலியில் கேட்டதில் ஒன்றைத் தமதாக்கிக்கொண்டவர்கள். தனக்கென்றே எழுதிய பாட்டு இருந்தது நாபோர் ஒருவனுக்குத்தான். அது தொடங்கியதும் அவன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து நிற்பான். கண் கலங்கியிருக்கும். எனக்கும் பெருமையாக இருக்கும்.

கொஞ்ச நாளில் அந்தப் பாட்டுக்கு ஏற்றபடி வாழ ஆரம்பித்தான். டிராக்டர் சேற்றில் இறங்கினால் பக்கத்துப் பண்ணையில் வண்டி கேட்க மாட்டான், மாடுகளைக் கட்டி இழுப்பான். முதுகு பிடித்துக்கொண்டால் சுவரைப் பிடித்துக்கொண்டே பால் கறப்பான். பையன்கள் கேலி செய்வார்கள், நாபோர் செத்தால்கூடத் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போவார் என்று. அவனும் சிரிப்பான். அவனுக்கு அது கேலியாகவே படவில்லை.

எவெலியா மட்டும் அந்தப் பாட்டைப் பற்றி ஒரே ஒரு முறை என்னிடம் பேசினாள். தானே கட்டினான், தானே கட்டினான் என்கிறீர்களே, வயிற்றில் மகளை வைத்துக்கொண்டு அத்தனை கல்லையும் சுமந்து கொடுத்தது யார், பாட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அடுத்த பாட்டில் வைக்கிறேன் கொமாத்ரே என்றேன். வைக்கவில்லை.

நான் சொல்லும் வருடத்தில் அவளுக்கு ஐந்து மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையில் கட்டி. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன், புதன்கிழமைக்குள், மூன்று பேர் வந்து அவள் பெயரில் ரத்தம் கொடுக்க வேண்டும். யாருக்கு ஆபரேஷன் என்றாலும் அதுதான் வழக்கம். கொடுக்க ஆள் இல்லையென்றால் நாள் தள்ளிப்போகும், அடுத்த இடம் ஆகஸ்டில்தான். அவள் உடம்பு ஆகஸ்டு வரை தாங்காது என்று டாக்டர் நாபோரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவன் அங்கேயே சட்டைக் கையை மடித்து நீட்டியிருக்கிறான். சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்த உடம்பு, எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மகன் வடக்கே எல்லைக்கு அந்தப் பக்கம் அனுமதிக் காகிதமில்லாமல் வேலை பார்க்கிறான், வந்தால் திரும்பிப் போக முடியாது. மகளுக்குக் கைக்குழந்தை, பால் கொடுப்பவள். ஆகவே யாரிடமாவது கேட்க வேண்டும். நாபோர் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை காலை நான் போனபோது எவெலியா முக்காலியில் உட்கார்ந்து தயிர்க்கட்டியைப் பிழிந்துகொண்டிருந்தாள். முகத்தில் நிறமே இல்லை, உதடும் முகமும் ஒரே வெள்ளையாக இருந்தன. நாபோர் மாடுகளைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டிப் போயிருந்தான். அவள் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"நாளைக்கு மத்தியானம் அவரு கடைக்கு வருவாரு கொம்பாத்ரே. ஆம்பளைங்க எல்லாரும் இருக்கற நேரமாப் பாத்து ரத்தம் கேக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"நாபோரா? கேக்கறேன்னாரா?"

"சிரிக்காதீங்க. ஒரு வாரமா மாட்டுக்கிட்டச் சொல்லிப் பாத்துக்கிட்டிருக்காரு. நேத்து கறக்கும்போது என் காதுல விழுந்துச்சு. எம் பொண்டாட்டிக்கு ரத்தம் வேணும், மூணு பேரு வேணும்னு. மாடு ஒண்ணும் சொல்லல."

ரெண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு வாயத் தொறந்ததும் நீங்க மொதல்ல கையத் தூக்கிடுங்க. ஒருத்தர் தூக்கிட்டா மத்தவங்களும் தூக்கிடுவாங்க. அவருக்கு ரெண்டாந்தடவ கேக்க வராது. அப்பறம், மூணு நாளைக்குக் குடிக்கக் கூடாதாம், குடிச்சா எடுக்க மாட்டாங்களாம்."

இதெல்லாம் ஒரு வேலையா என்றேன். ரெண்டுக்கும் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவள் எனக்கு ஒரு செங்கல் சீஸைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அதை வழியிலேயே பாதி தின்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் நெரிந்தது. ஆட்டுக்கறி அடுப்பிலிருந்து இறங்க இறங்கத் தட்டுகள் பறந்தன. ஒப்துலியா அம்மாள் சோள ரொட்டியைக் கல்லில் திருப்பிப் போட்டபடியே எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து முப்பது ஆண்கள் இருந்திருப்பார்கள். அவர்களோடு ஒரு புது ஆள். குவாதலஹாரா நகரத்திலிருந்து வந்தவர், பாடகர்களுக்குப் பாட்டுத் தேடிக் கொடுக்கிறவர் என்றார்கள். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்போது ஐம்பது வயது. ஐம்பது வயது வரை ஒருத்தன் என் பாட்டைத் தேடி வந்ததில்லை.

அவர் ஒரு புட்டி தெக்கிலாச் சாராயம் வாங்கி எங்கள் முன்னால் வைத்தார். முதல் கிளாஸை வேண்டாம் என்றேன், அது சத்தியம். ஆறு பாட்டுப் பாடினோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாம் பெண் விட்டுப் போன அழுகையாகவே இருக்கிறதே, நிமிர்ந்து நிற்கிற ஆம்பிளைப் பாட்டு ஒன்றும் இல்லையா என்று கேட்டார். ரெண்டாவது கிளாஸை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து நாபோர் வாசலில் வந்து நின்றான்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. உள்ளே வருவதற்கு முன்பே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான், அவன் வாழ்நாளில் செய்யாத காரியம். உதடு அசைந்துகொண்டிருந்தது, மாட்டிடம் சொல்லிப் பார்த்ததைத்தான் சொல்லிப் பார்க்கிறான். எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அப்போது நான் நினைத்தது இது: பாட்டை எடுப்போம், ஆட்கள் சூடாகட்டும், இவன்மேல் பாசம் பொங்கட்டும், பிறகு இவன் கேட்டால் நான் நீ என்று விழுந்தடித்துக்கொண்டு கையை நீட்டுவார்கள். இதைத்தான் நினைத்தேன். ஆனால் குவாதலஹாராக்காரர் இந்தப் பாட்டை இப்போதே, இந்த ஆள் வாசலில் நிற்கும்போதே கேட்க வேண்டும் என்றும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். விரல்கள் அதற்குள் கம்பியில் இருந்தன.

கூடவே எல்லோரும் பாடினார்கள். ஊருக்கே மனப்பாடமான பாட்டு. கடைசி அடி வந்தது. எனக்கு என் ரத்தம் போதும் என்று முப்பது ஆண்கள் மேசையில் குத்திப் பாடினார்கள். கரண்டிகள் குதித்தன. என் வாயிலிருந்து அது வெளியே வந்த பிறகுதான் எனக்கே அது காதில் விழுந்தது. பத்தொன்பது வருடமாகப் பாடியிருக்கிறேன், அன்றுதான் கேட்டேன். நாபோரைப் பார்த்தேன். உதடு அசைவது நின்றுபோயிருந்தது. பழக்கத்தில் தொப்பி மார்புக்குப் போயிருந்தது.

பாட்டு முடிந்து ஆரவாரம் எழுந்தது. யாரோ அவன் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தார்கள், நின்றபடியே குடித்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். ஒப்துலியா அம்மாளிடம் வெயில் ஜாஸ்தி என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எழுந்து ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. குவாதலஹாராக்காரர் என் தோளில் கை போட்டு, இதுதான், இதைத்தான் தேடி வந்தேன், மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார். கிளாஸை நிரப்பினார்.

திங்கட்கிழமை காலை எவெலியா வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாபோர் கொட்டகைக்குள் கறந்துகொண்டிருந்தான், பால் வாளியில் விழும் சத்தம் கேட்டது.

"நீங்களுமா கொம்பாத்ரே?" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொல்லித்தான் தெரிந்தது: அவன் வீட்டுக்குப் போய், நான் கேட்டேன், எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். கொட்டகைக்குள் பால் விழும் சத்தம் நின்றுவிட்டது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் பொய் சொன்னான் என்று நான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் கையைத் தூக்கவில்லை என்று ஆக வேண்டும்.

"மன்னிச்சிடுங்க கொமாத்ரே," என்றேன்.

பால் மறுபடி வாளியில் விழ ஆரம்பித்தது. அவள் தணிந்த குரலில் சொன்னாள்: "பரவால்ல விடுங்க. அவரு கேட்டாரே. இருபத்தாறு வருஷத்துல எனக்காக ஒரு தடவ கேட்டுட்டாரு. யாரும் குடுக்கலன்னாலும் அது போதும் எனக்கு."

அவளுக்கு ஏசத் தெரியாமல் இல்லை. ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது. திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பின்னால் பால் வெயிலில் சூடாகிக்கொண்டிருந்தது.

அன்று மதியமே கேட்கக் கிளம்பினேன். பட்டறை, தீவனக் கடை, முடிவெட்டும் கடை, சந்தை. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: நாபோருக்கா, ரெண்டு கையையும் நீட்டுவோமே, நேற்றே ஏன் சொல்லவில்லை? நேற்று பாட்டு முடிந்ததும் அத்தனை பேரும் குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமைக்கு மூன்று நாள் ஆகாது. பாதிரியாரிடம்கூடப் போனேன். வர எனக்குச் சம்மதம், ஆனால் பூசையில் குடிக்கும் திராட்சை ரசம் கணக்கில் வருமா என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவருக்கு எழுபத்திரண்டு வயது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் ஒப்துலியா அம்மாள் கடையில் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். நடந்தது முழுவதையும் அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துக் கையைத் துடைத்தாள்.

"ஊர்ல பொம்பளைங்க இருக்கறது உங்க யாருக்கும் தோணல இல்ல?" என்றாள்.

புதன்கிழமை விடிய, பால் எடுப்பதை என் தம்பியிடம் விட்டுவிட்டு, வெறும் கேன்களுக்கு நடுவே நாலு பெண்களை ஏற்றிக்கொண்டு பெரிய ஊருக்குப் போனேன். ஒப்துலியா, அவள் மருமகள், கோயில் பணியாளின் தங்கை எர்மிலா, பள்ளிக்கூட டீச்சர். டீச்சருக்கு ரத்தம் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், மற்ற மூவரிடமும் எடுத்துக்கொண்டார்கள். நானும் கையை நீட்டினேன். கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றேன். அங்கே போய் உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

ஆள் கிடைக்கவில்லை, நாளைத் தள்ளிப் போடுங்கள் என்று சொல்வதற்காக நாபோர் கையில் காகிதங்களோடு வந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து மடக்கிக்கொண்டு மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். ஒப்துலியாவிடம் போனான். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். போய்ப் பொண்டாட்டியைப் பாரப்பா என்றாள் அவள். என் பெஞ்சைக் கடந்துதான் போனான். என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. எவெலியா பிழைத்தாள். ஒன்றும் ஆகவில்லையே, விடு, என்றாள் என் மனைவி. நானும் அப்படித்தான் இருக்கப் பார்த்தேன். ஆனால் பாடப் போனால் வாய் வரவில்லை. தொண்டைக் கட்டு என்று சொல்லி நாலு ஞாயிறு போகவில்லை. குவாதலஹாராக்காரர் பாட்டை எழுதிக்கொண்டு போனவர்தான், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அதற்கு வருத்தப்படக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூனில் முதல் மழை பெய்தது. பாதை சேறாகிவிட்டது. நாபோர் கேன்களைப் பண்ணைக் கேட்டருகே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். நான் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். மாத முடிவில் ஒரு காலை, எவெலியா சீஸ் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மகள் உள்ளே பாலைக் கலக்கிக்கொண்டிருந்தாள். எவெலியா கையைக் காட்டிக் கூப்பிட்டாள். முகத்தில் நிறம் வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஒப்துலியா வந்திருந்தா," என்றாள். "அன்னைக்கு அவரு வாயே தொறக்கலயாமே."

இதற்குத்தான் நான் ஒரு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்கத்தான் வந்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார், நான்தான் கெடுத்தேன், அந்தப் பாட்டுதான் அவர் வாயை அடைத்துவிட்டது, அதை எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது, இனி அதைப் பாடவே மாட்டேன் என்றேன். அவள் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"பாட்டு எவ்ளோ நேரம் வரும்?" என்றாள்.

"மூணு நிமிஷம் இருக்கும்."

"மூணு நிமிஷம். சரி. அது முடிஞ்ச பெறகு?"

"அவரு போயிட்டாரு கொமாத்ரே."

"அத நான் அவருகிட்டக் கேட்டுட்டேன். இப்ப அவரு படுக்கறது மகனோட கட்டில்ல. நான் கேக்கறது உங்கள. உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே. கடை நெறைய ஆம்பளைங்க இருந்தாங்க. அவரு கேக்கலன்னா நீங்க கேட்டிருக்கலாமே."

உள்ளே மகள் கலக்குவதை நிறுத்திவிட்டாள். நான் தொப்பியைக் கழற்றி என் கையிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"குவாதலஹாராலேர்ந்து வந்தவரு பாட்ட எழுதிக்கறேன்னாரு," என்றேன். "ஒவ்வொரு அடியாச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. ஏதோ வேலைக்கு நேரம் விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள்.

"எவ்ளோ நேரம் சொன்னீங்க?"

"சாயங்காலம் வரைக்கும்," என்றேன்.